போர்ட்ஃபோலியோ கொடுக்காமல் பி.பி.டி. முடிக்க முடியாதா? களியக்காவிளை மாணவி ஒருவரின் கேள்விக்குப் பதில்

களியக்காவிளைக்கு அருகில் உள்ள ஒரு கல்லூரியில் பி.பி.டி. என்ற இளநிலை பிசியோதெரபிப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கும் நீங்கள் கேட்டிருப்பது இது: இந்த ஆண்டு முதல் ஒவ்வொரு மாணவரும் போர்ட்ஃபோலியோ ஒன்றை, அதாவது பயிற்சியில் செய்ததையும் கற்றதையும் தாமே எழுதித் தொகுத்த கோப்பைச் சமர்ப்பித்தால்தான் படிப்பை முடித்ததாகக் கையெழுத்திடுவோம் என்று கல்லூரி அறிவித்திருக்கிறது, ரெக்கார்டு நோட்டு, லாக் புக், கேஸ் பிரசன்டேஷன் எல்லாம் ஏற்கெனவே இருக்கும்போது இது எதற்கு, வெளிநாடுகளில் உண்மையிலேயே இப்படி ஒரு விதி இருக்கிறதா? கேள்வியின் வரிகள் இவைதாம் என்றாலும், அவற்றுக்கு அடியில் வேறு இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இதைக் காரணம் காட்டிப் பட்டத்தை நிறுத்திவிடுவார்களோ என்ற அச்சம் ஒன்று. இவ்வளவும் எழுதிக் கொடுத்தால் அதை யாராவது படிப்பார்களா என்ற சந்தேகம் மற்றொன்று. முதலாவதற்குச் சுருக்கமாகவும் இரண்டாவதற்கு விரிவாகவும் பதில் சொல்கிறேன். என் கணிப்பில் இரண்டாவதுதான் பெரிய கேள்வி. மார்த்தாண்டம் பகுதியில் பிசியோதெரபிஸ்டாகப் பணியாற்றிக்கொண்டே, தமிழ்நாடு-கேரள எல்லையின் இரு பக்கத்துக் கல்லூரி மாணவர்களுக்கும் பல ஆண்டுகளாக மருத்துவமனைப் பயிற்சி அளித்துவருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் வழக்கறிஞன் இல்லை, உங்கள் கல்லூரியின் சுற்றறிக்கையையும் பார்க்கவில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பட்டம் வழங்குவது பல்கலைக்கழகம், கல்லூரி இல்லை. உங்கள் கல்லூரி எல்லைக்கு இந்தப் பக்கம் என்றால் பெரும்பாலும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஒழுங்குமுறையும், பாறசாலைப் பக்கம் என்றால் திருச்சூரில் இயங்கும் கேரள சுகாதாரப் பல்கலைக்கழகத்தின் ஒழுங்குமுறையும், நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் அதன் சொந்த ஒழுங்குமுறையும் உங்களைக் கட்டுப்படுத்தும். வருகைப்பதிவு, உள்மதிப்பீடு, எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு, இன்டர்ன்ஷிப் ஆகியவற்றுக்கான விதிகள் அதில் இருக்கும். அதில் இல்லாத ஒரு நிபந்தனையை இறுதியாண்டின் நடுவில் புகுத்தி, தேர்வில் வென்ற ஒருவரின் பட்டத்தையே தடுப்பது நிற்காது என்பது என் எண்ணம். ஆனால் உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணும் இன்டர்ன்ஷிப் முடித்த சான்றிதழும் கல்லூரியின் கையில் இருக்கின்றன. ‘திருப்திகரமாக முடித்தார்’ என்று எழுதிக் கையெழுத்திடுபவர், திருப்தி என்பதற்கு அளவுகோல் என்ன என்று சொல்லும் உரிமையும் தமக்கு உண்டு என்று வாதிடலாம். போர்ட்ஃபோலியோ நுழைவது அந்த வாசல் வழியாகத்தான். எனவே, எந்த ஒழுங்குமுறையின் எந்தப் பிரிவின்கீழ் இது கேட்கப்படுகிறது என்பதை வகுப்புப் பிரதிநிதி மூலம் எழுத்தில் கேளுங்கள். சண்டைக்குப் போவதுபோல் கேட்க வேண்டியதில்லை. கேட்டால், நிபந்தனை ‘கட்டாயம்’ என்பதிலிருந்து ‘உள்மதிப்பீட்டின் ஒரு பகுதி’ என்று இளகிவிடுவதும் உண்டு.

இந்த அறிவிப்பு இப்போது ஏன் வந்தது என்பதற்கும் ஒரு பின்னணி இருக்கிறது. தேசிய துணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தை 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பிசியோதெரபிக்கு நாடு முழுவதற்குமான சட்டப்படியான ஒழுங்கமைப்பு கிடைத்தது அதன் வழியாகத்தான். 2025-இல் திறன் அடிப்படையிலான புதிய பாடத்திட்டம் வெளியானது. நான்கு ஆண்டுப் படிப்பும் ஆறு மாத இன்டர்ன்ஷிப்பும் என்று நாம் பழகியிருந்த அமைப்பு, ஓராண்டு இன்டர்ன்ஷிப்பை உள்ளடக்கிய ஐந்தாண்டாக மாறுகிறது. திறன் அடிப்படை என்று பெயர் வைத்துவிட்டால், மாணவர் தேர்வில் வென்றார் என்பதோடு கல்லூரி நிற்க முடியாது. நோயாளியிடம் செய்யத் தெரிந்தவர் என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டியிருக்கும். எம்.பி.பி.எஸ். படிப்பில் 2019-இல் திறன் அடிப்படைப் பாடத்திட்டம் வந்தபோது லாக் புக் கட்டாயமானதும் இதே காரணத்தால்தான். உங்கள் கல்லூரி அந்தத் திசையைப் பார்த்து ஓரடி முன்னால் எடுத்து வைத்திருக்கிறது என்று நான் ஊகிக்கிறேன். ஊகம்தான்.

வெளிநாடுகளைப் பற்றி நம் வகுப்பறைகளில் சொல்லப்படுவதில் பாதி மிகை. அமெரிக்காவில் உரிமம் பெறுவதற்கு அடிப்படை இரண்டு: அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் டி.பி.டி. (டாக்டர் ஆஃப் பிசிக்கல் தெரபி) பட்டம், என்.பி.டி.இ. என்ற தேசியத் தேர்வில் வெற்றி. போர்ட்ஃபோலியோ அந்த வரிசையில் இல்லை. ஆனால் அங்குள்ள பிசியோதெரபித் துறைகள் சில, தம் மாணவர்கள் பட்டம் பெறுவதற்கான நிபந்தனையாக அதைத் தாமாகவே வைத்திருக்கின்றன. அதில் மருத்துவமனைப் பயிற்சியின் மதிப்பீடுகள், ஒன்றிரண்டு நோயாளிகளைப் பற்றிய ஆழமான எழுத்து, தன்மதிப்பீடு ஆகியவை இருக்கும். தன்மதிப்பீட்டுக்கு அவர்கள் பயன்படுத்தும் பட்டியல் ஒன்று நமக்கும் உதவும்: விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தின் பிசியோதெரபித் துறையில் 1990-களில் உருவான பத்துப் பொதுத் திறன்கள். கற்பதில் ஈடுபாடு, பழகும் பண்பு, பேச்சுத் திறன், நேரத்தையும் வசதிகளையும் பயன்படுத்தும் விதம், பிறர் சொல்லும் குறையை ஏற்றுப் பயன்படுத்துதல், சிக்கலைத் தீர்த்தல், தொழில்முறை நடத்தை, பொறுப்பு, ஆராய்ந்து சிந்தித்தல், மன அழுத்தத்தைச் சமாளித்தல் ஆகியவையே அந்தப் பத்து. இவற்றில் ஒன்றுகூட நம் செய்முறைத் தேர்வில் மதிப்பெண்ணாக வருவதில்லை. ஆனால் இன்டர்ன்ஷிப்பில் ஒருவர் தடுமாறினால் பெரும்பாலும் இவற்றில் ஒன்றில்தான் தடுமாறுகிறார், மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரைப் பிடிப்பதில் இல்லை.

பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் கதை வேறு. பிரிட்டனில் பதிவுபெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒவ்வொருவரும் தம் தொடர்கல்வியின் பதிவை எழுதி வைத்திருக்க வேண்டும்; இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தொழில் பதிவைப் புதுப்பிக்கும்போது, எச்.சி.பி.சி. என்ற ஒழுங்குமுறை அமைப்பு 2.5 சதவீதம் பேரைத் தேர்ந்தெடுத்து அந்தத் தொடர்கல்விப் பதிவைக் கேட்டு வாங்கித் தணிக்கை செய்கிறது. ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்கு 20 மணி நேரத் தொடர்கல்வியும் அதற்கான பதிவும் கட்டாயம். ஆகவே அங்கே மாணவர் எழுதும் போர்ட்ஃபோலியோ, வேலைக்காலம் முழுவதும் செய்யப்போகும் ஒன்றுக்கான பழக்கம். நம்மிடம் பின்னால் வரும் அந்தக் கடமை இன்னும் ஊன்றவில்லை. பின்தொடர்ச்சி இல்லாத பழக்கத்தை முன்கூட்டியே கட்டாயமாக்கினால் மாணவர்கள் அதைச் சடங்காகப் பார்ப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. உங்கள் சலிப்பு நியாயமானது.

அப்படியானால் தேவையே இல்லையா? இருக்கிறது, ஆனால் ரெக்கார்டு நோட்டு செய்யாத ஒன்றை அது செய்தால் மட்டும். ரெக்கார்டு நோட்டு நீங்கள் பாடத்தை அறிந்தவர் என்று காட்டும். லாக் புக் எத்தனை பேருக்கு என்ன செய்தீர்கள் என்று எண்ணிக்கை சொல்லும். நோயாளியின் முன்னால் நீங்கள் எடுத்த முடிவு எப்படிப் பிறந்தது, எதைக் கண்டு அது மாறியது என்பதை இரண்டுமே காட்டாது. மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990-இல் முன்வைத்த பிரமிடு உங்களுக்குப் பாடத்தில் வந்திருக்கலாம்: அறிந்திருப்பது, எப்படிச் செய்வது என்று அறிந்திருப்பது, செய்துகாட்டுவது, பணியில் செய்வது என்று நான்கு படிகள். எழுத்துத் தேர்வு முதல் இரண்டு படிகளைத் தொடும், செய்முறைத் தேர்வு மூன்றாவதைத் தொடும். தேர்வாளர் யாரும் இல்லாத ஒரு சாதாரண நாளில், புறநோயாளிப் பிரிவில் பதினைந்து பேர் காத்திருக்கும்போது நீங்கள் உண்மையில் என்ன செய்கிறீர்கள் என்பது நான்காவது படி. அங்கே எட்டிப்பார்க்கக் கிடைக்கும் சில வழிகளில் போர்ட்ஃபோலியோ ஒன்று.

ஓர் எடுத்துக்காட்டு இல்லாமல் இது விளங்காது. நான் பார்த்த பலரைச் சேர்த்து உருவாக்கிய ஒரு நோயாளியை வைத்துக்கொள்வோம்: குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்வெட்டும் ஐம்பது வயதுப் பெண், நான்கு மாதமாக இடுப்புவலி. ரெக்கார்டு நோட்டில் நீங்கள் எழுதுவது எனக்குத் தெரியும். வலி அளவு பத்துக்கு ஏழு, முன்குனிதல் பாதி, நேர்க்கால் தூக்கும் சோதனையில் கோளாறு இல்லை, நரம்புப் பாதிப்புக்கான அறிகுறி இல்லை; ஐ.எஃப்.டி. என்ற மின்சிகிச்சை பதினைந்து நிமிடம், வயிற்றுத்தசைக்கும் முதுகுத்தசைக்கும் ஐந்து பயிற்சிகள், நிற்கும் உட்காரும் முறை பற்றிய அறிவுரை; மூன்று வாரத்தில் வலி நான்காகக் குறைந்தது. எல்லாம் சரி, பத்து மதிப்பெண்ணுக்கு எட்டு கிடைத்துவிடும். இதையே வேறு ஒரு பெயரில், வேறு ஒரு ஆண்டில் எழுதினாலும் ஒரு சொல் மாறாது.

போர்ட்ஃபோலியோவில் அதே நோயாளியைப் பற்றி எழுதுகிற மாணவி இப்படித் தொடங்கலாம். ஐந்து பயிற்சிகள் சொல்லிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் வந்தபோது ஒன்றைக்கூடச் செய்யவில்லை என்றார். முதலில் அலட்சியம் என்று நினைத்தேன். பிறகு அவருடைய ஒரு நாளை மணி வாரியாகக் கேட்டேன்: விடியும் முன்னரே தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டத் தொடங்கி, சிரட்டையில் பால் நிறைந்ததும் மறுபடி மரம் மரமாகச் சென்று வாளியில் சேர்த்து, ஷீட்டு அடித்து முடித்து வீட்டுக்கு வரும்போது காலைச் சாப்பாட்டு நேரம் கடந்துவிடுகிறது; அதற்கப்புறம் வீட்டு வேலை. பாய் விரித்துப் படுத்துச் செய்யும் பயிற்சிக்கு அந்த நாளில் இடமே இல்லை. எனவே ஐந்தை இரண்டாகக் குறைத்தேன். இரண்டும் நின்றுகொண்டே செய்யக்கூடியவை, வரிசை ஒன்று வெட்டி முடித்துத் திரும்பும் இடத்தில் செய்யச் சொன்னேன். மரத்தின் அடிப்பக்கத்து வெட்டுக்கு இடுப்பை வளைக்காமல் ஒரு முழங்காலை ஊன்றிப் பார்க்கச் சொன்னேன். முழங்கால் வலிக்கிறது என்றதால் அதைக் கைவிட்டேன். மூன்று வாரத்தில் வலி ஏழிலிருந்து நான்கானது. ஆனால் இரண்டாம் வாரமே இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தொடங்கிவிட்டதால் பால்வெட்டு நின்றிருந்தது. வலி குறைந்தது என் பயிற்சியாலா, வேலை இல்லாததாலா என்று எனக்குத் தெரியவில்லை. வெட்டு மீண்டும் தொடங்கி இரண்டு வாரம் கழித்து அவரை ஒருமுறை பார்த்தால்தான் சொல்ல முடியும்.

கடைசி இரண்டு வரிகளுக்காகவே அந்த மாணவியை நான் தேர்ச்சி பெறச் செய்வேன். ரெக்கார்டு நோட்டு அந்த வரிகளை எழுத விடாது, ஏனென்றால் அங்கே எல்லா நோயாளியும் குணமாகித்தான் ஆக வேண்டும். நம் பகுதியின் தொழில்கள் எல்லாமே இப்படிப் பருவத்தோடு பிணைந்தவை. மாசி பங்குனியில் இலையுதிர்ந்து வெட்டு நிற்கும். மழைக்காலத்தில் கடலுக்குப் போகாத நாட்கள் வரும். அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) தோட்டண்டி, அதாவது உடைக்காத முந்திரிக்கொட்டை, வரத்தைப் பொறுத்து வேலை இருக்கும் அல்லது இருக்காது. வலியின் ஏற்ற இறக்கத்தை வேலையின் ஏற்ற இறக்கத்தோடு வைத்துப் பார்க்கப் பழகாத பிசியோதெரபிஸ்ட், ஓய்வு செய்த வேலைக்குத் தாம் பெயர் வாங்கிக்கொண்டிருப்பார்.

இப்போது நீங்கள் கேட்காமல் கேட்ட கேள்விக்கு வருகிறேன்: இதை யார் படிப்பார்கள்? மருத்துவக் கல்வி பற்றிய ஆய்வுகள் போர்ட்ஃபோலியோவைப் பற்றிச் சொல்வனவற்றில் நான் உறுதியாக நம்புவது ஒன்று உண்டு. வழிகாட்டி ஒருவர் இடையிடையே படித்து, மாணவரோடு உட்கார்ந்து பேசும் இடத்தில் அது பயன்படுகிறது. அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் காகிதக் கட்டாகிவிடுகிறது. மேற்சொன்ன மாணவியிடம் ‘அவருடைய ஒரு நாளை மணி வாரியாகக் கேட்டுப் பார்’ என்று யாரோ ஒருவர் மூன்றாம் நாள் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு வாக்கியம் இல்லாமல் போயிருந்தால், ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்ற வழக்கமான வரியோடு பதிவு முடிந்திருக்கும். அறுபது மாணவர்களுக்கு நான்கு ஆசிரியர்கள் உள்ள கல்லூரியில், பாடமும் எடுத்து, புறநோயாளிப் பிரிவையும் பார்த்து, தலைக்குப் பதினைந்து போர்ட்ஃபோலியோக்களை ஆண்டுக்கு மூன்று முறை படித்துப் பேசுவது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தைக் கால அட்டவணையில் ஒதுக்காமல் போர்ட்ஃபோலியோவைக் கட்டாயமாக்கும் கல்லூரி, செலவை முழுவதும் மாணவர் தலையில் இறக்கி வைக்கிறது என்றுதான் சொல்வேன்.

மதிப்பெண் போடுவதிலும் ஒரு முரண் இருக்கிறது, அதை இன்றுவரை யாரும் முழுமையாகத் தீர்த்துவிடவில்லை. நீ தடுமாறிய இடத்தை எழுது என்று சொல்லிவிட்டு, அதே எழுத்துக்கு மதிப்பெண் போட்டால், தடுமாற்றத்தை யார் எழுதுவார்கள்? இங்கிலாந்தில் இந்த அச்சம் ஒருமுறை பெரிதாக வெடித்தது. 2011-இல் லெஸ்டர் நகர மருத்துவமனையில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்த வழக்கில், ஹடிசா பாவா-கார்பா என்ற பயிற்சி மருத்துவர் 2015-இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். 2018 ஜனவரியில் மருத்துவப் பதிவேட்டிலிருந்தும் நீக்கப்பட்டார். அந்த நீக்கத்தை அதே ஆண்டு ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்துசெய்தது. அவர் தம் போர்ட்ஃபோலியோவில் எழுதிய குறிப்புகளே அவருக்கு எதிராகப் பயன்பட்டன என்ற பேச்சு அந்த மாதங்களில் பரவியது. குற்றவியல் விசாரணையில் அவை சாட்சியமாக வைக்கப்படவில்லை என்று விளக்கம் வந்த பின்னும் இளம் மருத்துவர்கள் பலர் எழுதத் தயங்கினார்கள். அதன் பிறகு அங்குள்ள அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டுதலின் சாரம்: நிகழ்ச்சியை முழு விவரத்தோடு எழுதாதீர்கள், அதிலிருந்து கற்றதை எழுதுங்கள், யாரையும் அடையாளம் காணும்படி எழுதாதீர்கள். நம் கல்லூரிகளுக்கு இது அப்படியே பொருந்தும். என் யோசனை, போர்ட்ஃபோலியோவுக்கு மதிப்பெண்ணே வேண்டாம். ‘போதும்’, ‘இன்னும் வேண்டும்’ என்ற இரண்டு முடிவுகள் போதும். ஒரே எழுத்துக்கு இரண்டு ஆசிரியர்கள் கொடுக்கும் மதிப்பெண்கள் வெகுவாக வேறுபடக்கூடும் என்பது தெரிந்த விஷயம். எனவே இருவர் தனித்தனியே படித்து, முடிவு மாறினால் மூன்றாமவர் பார்ப்பது நல்லது.

உறுதியில்லாததையும் சொல்லிவிடுகிறேன். போர்ட்ஃபோலியோ எழுதிய மாணவர்கள் தம்மைத் தாமே மதிப்பிடுவதிலும் பொறுப்பெடுத்துக் கற்பதிலும் முன்னேறுகிறார்கள் என்று கூறும் ஆய்வுகள் உள்ளன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை மாணவர்களிடமே கேட்டுப் பெற்ற கருத்துகளைச் சார்ந்தவை. அவர்கள் கையில் சிகிச்சை பெறும் நோயாளி அதனால் விரைவாகவோ நன்றாகவோ குணமடைகிறார் என்று காட்டும் வலுவான ஆதாரத்தை நான் கண்டதில்லை. பட்டத்தையே நிறுத்தும் அளவுக்கு ஒரு கருவிக்கு அதிகாரம் கொடுப்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எழுதுவது என்று தீர்மானமாகிவிட்டால், நம் பகுதியில் எல்லாவற்றையும்விடக் கவனம் வேண்டியது நோயாளியின் அடையாளம். பெயரையும் ஓ.பி. எண்ணையும் நீக்கிவிட்டால் போதும் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். பனையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டவர், இன்ன ஊர், இன்ன ஆலயத்தின் கமிட்டியில் இருப்பவர், மகள் வளைகுடாவில் நர்ஸ் என்று எழுதினால், பெயர் எதற்கு? சுற்றுவட்டாரத்தில் யாருக்கும் அவரைத் தெரிந்துவிடும். ஊரை விடுங்கள், வயதைப் பத்தாண்டுக்குள் அடக்குங்கள், சிகிச்சைக்குத் தேவைப்படாத குடும்ப விவரத்தை எழுதாதீர்கள். தொழில் மட்டும் பெரும்பாலும் தேவைப்படும், அதை வைத்துக்கொள்ளுங்கள். புகைப்படம் வேண்டவே வேண்டாம் என்பேன். அப்படியே எடுத்தால் முகம் இல்லாமல், எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு எடுங்கள். எடுத்ததை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். ஒப்புதல் படிவத்தின் மொழியையும் கவனியுங்கள். 1956 நவம்பர் முதல் தேதிக்கு முன் விளவங்கோடு, கல்குளம் பகுதிகள் திருவிதாங்கூரோடும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தன. அந்தக் காலத்துப் பள்ளிகளில் மலையாளம் மட்டுமே படித்த முதியவர்கள் இன்னும் நம் வார்டுகளில் இருக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுகிறார் என்பதற்காகத் தமிழ்ப் படிவத்தை நீட்டினால், வாசிக்க முடியாமலேயே கைநாட்டு வைத்துவிடுவார். அவருக்குப் புரியும் மொழியில் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

எத்தனை பதிவுகள் என்றால், நான்கோ ஐந்தோ போதும்; நாற்பது வேண்டியதில்லை. தேர்ந்தெடுக்கும்போது உங்களுக்கு நன்றாக வந்தவற்றை மட்டும் எடுக்காதீர்கள். பக்கவாதம் வந்து திருவனந்தபுரத்தில் சிகிச்சை பெற்று, டிஸ்சார்ஜ் சம்மரியோடு எல்லை கடந்து வீடு திரும்பியவர் ஒருவர் இருக்கட்டும்; அங்கே தொடங்கிய பயிற்சி இங்கே எந்த இடத்தில் அறுந்தது, நீங்கள் அதை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பது நம் பகுதிக்கே உரிய பாடம். வீட்டுக்குச் சென்று பார்த்த ஒருவர் இருக்கட்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே பிசியோதெரபியும் உண்டு, கேரளப் பக்கம் பஞ்சாயத்துகள் வழியாக நடக்கும் பாலியேட்டிவ் கவனிப்பும் வீடுகளை மையமாகக் கொண்டது. நாளை உங்கள் வேலையின் பெரும்பகுதி கட்டில், கழிப்பறை, வாசற்படி ஆகியவற்றுக்கு நடுவில்தான் இருக்கப்போகிறது. முடிந்தால், நாட்டு வைத்தியரான ஆசானிடம் எண்ணெய் தடவிக் கட்டுப் போட்டுவிட்டு, மணிக்கட்டு இறுகிய பின் உங்களிடம் வந்த ஒருவரையும் சேருங்கள். அவரைக் கடிந்துகொண்டீர்களா, ஏன் முதலில் அங்கே போனார் என்று கேட்டீர்களா, அவர் சொன்ன பதில் நீங்கள் பேசிய விதத்தை மாற்றியதா என்பதை எழுதுங்கள். ஒவ்வொரு பதிவிலும் ஓர் அளவு இருக்க வேண்டும்: பெர்க் சமநிலை அளவுகோலில் 56-க்கு எவ்வளவு, ஆறு நிமிட நடையில் எத்தனை மீட்டர், எந்தத் தேதியில். எண் இல்லாத சிந்தனைக் குறிப்பு நாட்குறிப்பாகிவிடும்.

நகல் எடுப்பதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சீனியரின் ரெக்கார்டு நோட்டு கைமாறி வருவது நம் கல்லூரிகளில் புதிது இல்லை. இப்போது ‘என் அனுபவத்திலிருந்து நான் கற்றது’ என்று உருக்கமாக எழுதித்தரச் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. எழுத்தை மட்டும் வைத்து இதைக் கண்டுபிடிக்கும் வித்தை என்னிடம் இல்லை. நேரில் உட்கார்ந்து இருபது நிமிடம் பேசினால் தெரிந்துவிடும்: இரண்டாம் வாரம் ஏன் பயிற்சியைக் குறைத்தாய், அன்று அவர் என்ன சொன்னார், கூட யார் வந்திருந்தார்? நோயாளியோடு இருந்தவர் தயங்காமல் பதில் சொல்வார். ஆகவே நேர்முக உரையாடல் இல்லாத போர்ட்ஃபோலியோவை நான் நம்புவதில்லை. இன்னொன்று, சிந்தனைக் குறிப்பை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்ற விதி இருந்தால், முதல் வரைவைத் தமிழிலோ மலையாளத்திலோ எழுதிப் பாருங்கள். பரிசோதனை முடிவுகள் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். நீங்கள் நோயாளியோடு பேசிய மொழியில் எழுதும்போது, கடன் வாங்கிய வாக்கியங்கள் தாமாகவே உதிர்ந்துவிடுகின்றன என்பதை மாணவர்களிடம் கண்டிருக்கிறேன்.

உங்களுக்கு மீதமிருப்பது சில மாதங்கள்தாம் என்பதால், கல்லூரியிடம் எழுத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியவற்றைச் சொல்கிறேன். என் வழிகாட்டி யார், அவர் எந்தெந்த மாதத்தில் படித்துக் கருத்துச் சொல்வார். இறுதியில் எத்தனை பேர் மதிப்பிடுவார்கள், அளவுகோல் முன்கூட்டியே தரப்படுமா. ‘இன்னும் வேண்டும்’ என்று வந்தால் திருத்த எத்தனை நாள் தருவீர்கள், அதற்காக இன்டர்ன்ஷிப் தேதி தள்ளிப்போகுமா. மதிப்பிட்ட பின் என் எழுத்து யாரிடம் இருக்கும், எப்போது திருப்பித் தரப்படும்? இவற்றுக்குப் பதில் தயாராக இருந்தால், சலிப்பை ஒதுக்கிவிட்டு எழுதுங்கள், உங்களுக்கு அது நல்லது. பதில் ஒன்றும் இல்லை என்றால், உங்கள் ஆண்டு மாணவர்களுக்கு இதை விருப்பத் தேர்வாக வைத்து, அடுத்து முதலாண்டில் சேருபவர்களிடமிருந்து கட்டாயமாக்கும்படி நீங்கள் எல்லோரும் சேர்ந்து கேட்பது நியாயமான கோரிக்கை. நான்கு ஆண்டுப் பயிற்சியை நான்கு வாரத்தில் நினைவுகூர்ந்து எழுதச் சொன்னால் கற்பனைதான் வரும்.

வெளிநாடு செல்லும் எண்ணம் இருந்தால் மட்டும் கடைசியாக ஒன்று. வளைகுடா நாடுகளிலோ பிரிட்டனிலோ பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது உங்களிடம் கேட்கப்படும் முதன்மை ஆவணங்கள் பட்டம், மதிப்பெண் பட்டியல், பாடத்திட்டம், பயிற்சி விவரம், பதிவுச் சான்று போன்றவை. மாணவப் பருவத்துப் போர்ட்ஃபோலியோ அவற்றுக்கு ஈடாகாது. பிரிட்டனில் தகுதிப் படிப்பின்போதே குறைந்தது 1000 மணி நேர மருத்துவமனைப் பயிற்சி எதிர்பார்க்கப்படுகிறது, அமெரிக்காவுக்கான தகுதி மதிப்பீட்டிலும் பயிற்சி நேரம் கணக்கில் வரும். எனவே எந்தப் பிரிவில் எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வையில் என்று காட்டும் லாக் புக்கைப் போர்ட்ஃபோலியோவோடு சேர்த்துத் தைத்துக் கல்லூரியிடம் கொடுத்துவிடாதீர்கள். தனியாக வைத்து, துறைத்தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் இட்ட பிரதியை இன்டர்ன்ஷிப் முடியும் வாரத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் ஆட்கள் மாறிய பிறகு பழைய பதிவேட்டைத் தேடி எடுத்துத் தரச் சொன்னால் மாதக்கணக்கில் அலைய நேரும்.